வைக்கோல் தண்ணீரில் ஒரு பாதை

அன்புள்ள கயல்விழிக்கு,

திருப்பனந்தாள் பக்கம் நடவுக்கு முன் நாற்றின் வேரை அசோஸ்பைரில்லம் கரைசலில் நனைப்பதைப் பார்த்திருப்பாய். வேர் கசியவிடும் பொருள்களை நாடி அந்தப் பாக்டீரியா நீந்திச் செல்கிறது. கண்ணும் மூளையும் இல்லாத உயிருக்கு வழி எப்படித் தெரியும்? நுண்ணோக்கியில் நாள் முழுக்கப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. பார்ப்பது வேறு, பின்தொடர்வது வேறு. 1972-இல் ஹோவர்ட் பெர்க்கும் டக்ளஸ் பிரவுனும் வெளியிட்ட ஆய்வே இதற்குச் சான்று. ஈ. கோலை பாக்டீரியா எந்தப் பக்கம் நகர்ந்தாலும், அது இருந்த சிறு கலத்தையே எதிர்ப்பக்கம் நகர்த்தி, அதைப் பார்வையின் நடுவிலேயே நிறுத்தியது அவர்களுடைய கருவி. கலம் நகர்ந்த கணக்கே பாக்டீரியாவின் பாதை. சுமார் 1 நொடி நேர் ஓட்டம், நொடியில் பத்தில் ஒரு பங்கு உருளல், பிறகு ஏதோ ஒரு திசை. பிடித்த பொருள் கூடிக்கொண்டே போகும் திசையில் ஓட்டம் நீள்கிறது. குறையும் திசையிலோ பெரிதாகச் சுருங்குவதில்லை. ஆக, இலக்கைப் பார்த்துத் திரும்ப அதற்குத் தெரியாது. நிலைமை தேறும்போது திரும்பாமலிருக்க மட்டும் தெரியும். (அசோஸ்பைரில்லத்தின் நீச்சல் அச்சாக இதுவே அல்ல, அது உருளுவதைவிட வந்த வழியே பின்வாங்குவதுதான் அதிகம்.)

அந்தக் கருவி ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொடர்ந்தது. இன்று கணினி, காணொளியில் தெரியும் எல்லாவற்றையும் ஒருசேரத் தொடர்கிறது. அசையாத பின்னணியைக் கழித்து, மிஞ்சும் புள்ளிகளைப் படத்துக்குப் படம் கோத்துக்கொண்டே போவதுதான் வேலை. அந்தக் கோத்தலில்தான் சூட்சுமம். வைக்கோல் ஊறிய தண்ணீரில் வரும் பாரமீசியம் என்ற நுண்ணுயிர் சுமார் 0.2 மில்லிமீட்டர் நீளம். நொடிக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் நீந்தும். கைபேசி நொடிக்கு 30 படம் எடுத்தால், இரண்டு படங்களுக்கு நடுவே அது நகர்வது 0.03 மில்லிமீட்டர்தான். முன்பிருந்த இடத்துக்கு மிக அருகில் இருப்பதே அந்தப் பழைய உயிர் என்று துணிந்து சொல்லலாம். நொடிக்கு ஒரு படம் என்றால் அதற்குள் ஐந்து உடல் நீளம் போயிருக்கும். பக்கத்தில் நிற்பது வேறொன்றாக இருக்கும். எந்த மென்பொருள் என்பதைவிட இந்தக் கணக்கு முக்கியம்.

பழகிய கண் போதாதா என்று கேட்பார்கள். எண்ணுவதற்குப் போதும். ஆனால் கண் துறுதுறுப்பானதன் பின்னாலேயே ஓடும். சோம்பிக் கிடப்பது கணக்கில் விழாது, சராசரி வேகம் ஏறிவிடும். இரண்டு உயிர்கள் குறுக்கே கடந்தால் கணினி ஒன்றின் பாதையை மற்றதோடு மாற்றிவிடுமே என்பது இதைவிடக் கனமான மறுப்பு. மாற்றத்தான் செய்கிறது. அங்கே ஊகித்து ஒட்டவைக்காமல், பாதையை வெட்டி இரண்டு துண்டாகவே வைத்துக்கொள்வது நல்லது; பாதை குட்டையானாலும் பொய்யாகாது. பாக்டீரியா அளவுக்கு இறங்கினால் இன்னொரு வம்பு: நீர் மூலக்கூறுகள் மோதுவதால் செத்ததும் நடுங்கும், கணினி அதற்கும் பாதை வரையும். நீந்துவது போகும் தூரம், ஒரே திசையில் ஓடும்வரை, நேரத்தோடு சமமாகக் கூடும். வெறும் நடுக்கத்தில் நான்கு மடங்கு நேரத்துக்கு இரண்டு மடங்கு விலகல்தான். ஆகவே சூடாக்கிக் கொன்ற பாக்டீரியாவை முதலில் படம்பிடித்துக் கணினியில் ஓட்டிப் பார். அதற்கு வரும் பாதைகளைத் தனியே வை; உயிருள்ளவற்றின் பாதைகளில் அவற்றைப்போல் இல்லாததை மட்டும் நீச்சல் என்று குறித்துக்கொள்.

அன்புடன்.