முத்துக் குளிப்போர் தரும் கால அட்டவணை

“காற்றுள்ள போதே தூற்றிக்கொள்” என்பது உழவர் பழமொழி. நம் தூத்துக்குடிக் கடற்கரையிலோ, காற்றைப் பார்த்தே நாள் முழுவதையும் வகுத்துக்கொண்டவர்கள் முத்துக் குளிப்போர். பொதுத்தேர்வை எதிர்நோக்கும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள், ஒரு நாளைப் பயன்படுத்தும் முறையை அவர்களிடம் கற்கலாம் என எண்ணுகிறோம்.

மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பிகள் வாழும் கடலடித் திட்டுகளுக்குப் ‘பார்’ என்று பெயர். 1955 முதல் 1961 வரை நடந்ததே இங்குக் கடைசியாக நடைபெற்ற பெரிய முத்துக்குளிப்பு. தொழில் நின்றாலும் அது தரும் பாடம் நிற்கவில்லை.

முதற்பாடம், நேரம் அறிதல். இரவில் கடலைவிட நிலம் விரைவில் குளிர்கிறது. ஆகவே காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. பகலில் நிலம் விரைவில் சூடேறுவதால் காற்று கடலிலிருந்து கரைக்கு வருகிறது. பாய்மரக் காலத்தில் இரவின் நிலக்காற்றில் தோணிகள் புறப்பட்டு விடியலில் பாரை அடையும். காலை முழுதும் குளித்துவிட்டு, பிற்பகல் கடற்காற்றில் கரை திரும்பும். காற்றை எதிர்த்துத் துடுப்புப் போட்டு யாரும் வலிமையை வீணாக்கவில்லை.

நமக்கும் அப்படி ஒரு காற்று உண்டு. சிலருக்கு விடியற்காலையில் மனம் தெளிவாக இருக்கும், சிலருக்கு மாலையில். அந்த வேளையைக் கணிதம் போன்ற கடினமான பாடத்திற்குக் கொடுக்கவேண்டும். நோட்டுக்கு அட்டை போடுவதையும் படத்திற்கு வண்ணம் தீட்டுவதையும் களைத்த நேரத்தில் செய்யலாம்.

இரண்டாம் பாடம், ஒரு மூச்சுக்கு ஒரு வேலை. குளிப்பவர் கனமான கல்லின் மேல் கால் வைத்து முப்பது முதல் அறுபது அடி ஆழத்துக்கு இறங்குவார். அடியில் அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒரு நிமிடமே. அதற்குள் சிப்பிகளைச் சேர்த்துக் கூடையில் இடுவார். எந்தச் சிப்பியில் முத்து இருக்கிறது என்று அங்கேயே பிளந்து பார்க்கமாட்டார். அது கரைக்கு வந்தபின் செய்யும் வேலை. நாமோ சரித்திரம் படிக்கும்போதே கணக்கைப் பற்றிக் கவலைப்படுகிறோம்; ஒரு பாடம் முடியுமுன் மதிப்பெண்ணை எண்ணிப் பார்க்கிறோம். படிக்கும்போது சிப்பி சேர்ப்போம். முத்தைப் பிறகு எண்ணுவோம்.

மூன்றாம் பாடம், ஓய்வும் வேலையே. ஒரு கல்லுக்கு இருவர் உண்டு. ஒருவர் மூழ்கும்போது மற்றவர் இளைப்பாறுவார். பின் முறை மாறும். ஓய்வின்றி மூழ்கினால் உயிருக்கே ஆபத்து. ஞாயிற்றுக்கிழமைகளில் குளிப்பு நிறுத்தப்படும். ஆலைத் தொழிலாளருக்கோ அந்த ஓய்வு எளிதில் கிடைக்கவில்லை. 1908-ஆம் ஆண்டு நமது நகரின் கோரல் ஆலைத் தொழிலாளர் வ.உ.சிதம்பரனாரின் துணையோடு வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு வார விடுமுறையையும் கேட்டுப் பெற்றனர். போராடிப் பெற்ற ஓய்வின் அருமையை உணர்ந்தால், தேர்வுக்கு முந்திய இரவு முழுதும் கண்விழிக்கத் துணியமாட்டோம். முக்கால் மணி நேரம் படிப்பு, பத்து நிமிடம் இளைப்பாறுதல், இரவில் நல்ல உறக்கம் என்று வகுத்துக்கொள்வது நலம்.

இனி, பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மூழ்கியவரின் கயிற்றைத் தோணியில் ஒருவர் கவனமாகப் பிடித்திருப்பார். கீழிருந்து கயிறு அசைந்ததும் இழுத்து மேலேற்றுவார். அவரை நம்பியே மற்றவர் மூழ்குவார். தண்ணீர் பிடிப்பது, தம்பி தங்கையரைப் பார்ப்பது, சமையலுக்கு உதவுவது எல்லாம் எங்கள் கடமையே, அவற்றைத் தட்டமாட்டோம். ஆனால் நாள்தோறும் ஒரே ஒரு மணி நேரம், இது இவள் படிக்கும் நேரம் என்று ஒதுக்கி, அந்நேரத்தில் எங்களைக் கூப்பிடாமல் இருந்தால் போதும். அண்ணன் தம்பிக்குக் கிடைக்கும் அந்த ஒரு மணி நேரம் எங்களுக்கும் கிடைக்கட்டும். கயிறு உங்கள் கையில் இருக்கிறது என்ற துணிவில் நாங்கள் ஆழ மூழ்குவோம்.

தோழியரே, இன்று மாலையே ஒரு தாளை எடுத்து, நமக்குரிய காற்று எப்போது வீசுகிறது என்று குறித்துக்கொள்வோம். அவ்வேளையில் ஒரு பாடம், ஒரே மனம் என்று முயல்வோம், வெற்றி பெறுவோம்!