நீலகிரி வீட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்கும் துணைக் காய்கறிகளும்

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைச்சாரலில் தோன்றிய உருளைக்கிழங்கு, குளிர்ந்த மலைக்காற்றையும் பொலபொலப்பான மண்ணையும் நாடும் பயிராகும். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் சல்லிவன் உதகமண்டலத்தில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடச் செய்த காலந்தொட்டு, நீலகிரியின் சரிவுகளில் அது நிலைபெற்று விட்டது. பெருந்தோட்டங்களில் மட்டுமன்றி, வீட்டின் புறத்தேயுள்ள சிறு நிலத்திலும் அதனைப் பயிரிட்டுக் குடும்பத்தின் தேவையில் ஒரு பகுதியை நிறைவு செய்து கொள்ளலாம். இதற்கு ஒரு சென்ட் நிலமே போதுமானது.

ஆயினும், வீட்டுத் தோட்டம் வைப்போர் ஒன்றை முதலிலேயே மனத்திற் கொள்ளல் வேண்டும். விளைச்சல் நன்றாயிருந்த இடத்திலேயே மறுபடியும் மறுபடியும் உருளையை நடுவது, மண்ணைக் கெடுக்கும் வழியாகும். உருளைக்கிழங்கைக் காப்பவை அதன் அருகே முறைவைத்து வளர்க்கப்படும் பிற காய்கறிகளே. இதன் காரணத்தை அறிந்து கொண்டால், தோட்டத்தை எவ்வாறு அமைப்பது என்பது தானே விளங்கும்.

மண்ணில் உறங்கும் பகைவன்

1961ஆம் ஆண்டில், உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழு நீலகிரியில் இருப்பது கண்டறியப்பட்டது. இப்புழு கண்ணுக்குப் புலப்படாத அளவு சிறியது. பெண் புழு வேரில் ஒட்டிக்கொண்டு பருத்து, இறந்தபின் தன் உடலையே கெட்டியான கூடாக விட்டுச் செல்கிறது. கடுகினும் சிறிய அக்கூட்டினுள் நூற்றுக்கணக்கான முட்டைகள் அடங்கியிருக்கும். அவை பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்க வல்லவை. உருளையின் வேரிலிருந்து கசியும் பொருள் மண்ணீரில் கலந்ததும், முட்டைகள் பொரிந்து இளம் புழுக்கள் வேரினுள் புகுகின்றன.

புழுவால் தாக்கப்பட்ட செடிகள் தோட்டத்தில் திட்டுத் திட்டாகக் குன்றி நிற்கும், இலைகள் மஞ்சளாகும், நண்பகலில் வாடும், கிழங்குகள் சிறுத்துப் போகும். நட்டு ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஆனபின், ஐயமுள்ள செடியொன்றை மெல்ல அகழ்ந்து வேரை நோக்கினால், குண்டூசித் தலையினும் சிறிய வெண்ணிற அல்லது பொன்னிற உருண்டைகள் தென்படலாம். தென்பட்டால் தோட்டக்கலைத் துறை அலுவலருக்கு உடனே தெரிவித்தல் நன்று.

உருளை, தக்காளி, கத்தரி ஆகியவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இம்மூன்றும் அப்புழுவுக்கு உணவாகும். பீன்ஸ், முட்டைக்கோசு, காரட், பூண்டு போன்றவற்றில் அது பெருக இயலாது. உணவளிக்கும் பயிர் இல்லாத ஒவ்வோர் ஆண்டும் முட்டைகளில் ஒரு பகுதி அழியும். முற்றிலும் அற்றுப் போகாவிடினும், பயிர் தாங்கத்தக்க அளவுக்குக் குறையும். பயிர்ச் சுழற்சியின் பயன் இதுவேயாகும்.

நான்கு பாத்திகள்

மூன்று மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் அகலமும் உள்ள நான்கு பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்காக அமைத்துக் கொள்வோம். சரிவின் போக்கிலே அமைத்தால், மழைநீர் மேல்மண்ணையும் அதனோடு நோயையும் கீழேயுள்ள தோட்டங்களுக்கு அடித்துச் செல்லும். ஒவ்வொரு பாத்தியிலும் கீழ்க்கண்ட வரிசையில் ஆண்டுக்கு ஒரு வகைப் பயிர் மாறி வரல் வேண்டும்.

முதலாம் ஆண்டு: உருளைக்கிழங்கு.

இரண்டாம் ஆண்டு: பீன்ஸ், பட்டாணி, அவரை. இவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும்.

மூன்றாம் ஆண்டு: முட்டைக்கோசு, நூல்கோல், முள்ளங்கி. முன்பயிர் விட்டுச் சென்ற தழைச்சத்து இவற்றுக்குப் பெரிதும் உதவும்.

நான்காம் ஆண்டு: காரட், பீட்ரூட், பூண்டு.

நான்கு பாத்திகளையும் வெவ்வேறு படியில் தொடங்கினால், எல்லாக் காய்களும் ஆண்டுதோறும் கிடைக்கும். ஆனால் ஒரு பாத்திக்கு உருளை நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறையே வரும். நீலகிரியில் நீர்போகம், கார்போகம், கடைபோகம் என மூன்று போகங்கள் உண்டெனினும், உருளையை ஆண்டுக்கு ஒரு போகத்தோடு நிறுத்திக் கொள்க. எஞ்சிய போகங்களில் அப்பாத்தியில் கீரை வகைகளை விதைக்கலாம். முந்திய ஆண்டில் தோண்டாது விடப்பட்ட கிழங்குகள் தாமாக முளைத்து வந்தால், அவற்றைப் பிடுங்கியெறிதல் வேண்டும். அவற்றை வளர விட்டால் சுழற்சியே வீணாகும்.

விதைக்கிழங்கு

சமையலுக்கென்று சந்தையில் வாங்கிய கிழங்கை நடுதல் தகாது. அதில் ஒட்டிய மண்ணில் முட்டைக்கூடுகளும், கிழங்கினுள் நச்சுயிரி நோய்களும் வாடல் நோயும் இருக்கக்கூடும். அக்கிழங்குகளைக் கழுவிய நீரைத் தோட்டத்தில் ஊற்றுவதும் கூடாது. நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்வதற்கு 1971ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு தடை விதித்தது இந்நோய் பரவாதிருக்கவே என்பதை நினைவிற் கொள்க.

தோட்டக்கலைத் துறை அலுவலரையோ, உதகைக்கு அருகே முத்தோரையிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தையோ அணுகி, நோயற்ற விதையைப் பற்றி அறிந்து கொள்ளலாம். 1968இல் வெளியிடப்பட்ட குப்ரி ஜோதி எங்கும் பரவிய இரகமாகும். 1985இல் வெளியிடப்பட்ட குப்ரி சுவர்ணா நூற்புழுவுக்கு எதிர்ப்பாற்றல் கொண்டது. அதன் வேரில் புழு புகுந்தாலும் பெருக இயலாது. நோய் கண்ட தோட்டங்களுக்கு இத்தகைய இரகமே ஏற்றது.

40 முதல் 50 கிராம் எடையுள்ள முழுக் கிழங்குகளைத் தெரிந்தெடுக்க. கிழங்கை அறுத்து நட்டால், கத்தியின் வழியே நோய் பரவும். புதிதாகத் தோண்டிய கிழங்கு எட்டுப் பத்து வாரங்கள் முளைக்காது உறங்கும். ஆகவே, உறக்கம் நீங்கிய கிழங்குகளை நேர்வெயில் படாத, வெளிச்சமுள்ள இடத்தில் பரப்பி, தடித்த குட்டை முளைகள் வந்தபின் நடுதல் வேண்டும்.

நடவும் பராமரிப்பும்

பாத்தியை ஒரு சாண் ஆழம் கொத்தி, நன்கு மக்கிய தொழுவுரம் ஏறத்தாழ 10 கிலோ இட்டுக் கலக்க. 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நான்கு வரிசைகள் அமைத்து, 20 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கிழங்குகளை நட்டால், பாத்தி ஒன்றுக்கு 60 செடிகள் ஆகும். இதற்கு விதை மூன்று கிலோவுக்குள் அடங்கும்.

செடி ஒரு சாண் உயரம் வளர்ந்ததும் களையெடுத்து மண் அணைக்க. இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை அணைத்தல் நன்று. வெயில் பட்ட கிழங்கு பச்சையாகும். அதில் சோலனின் என்னும் நஞ்சு மிகும். அத்தகைய கிழங்கை உண்ணலாகாது.

மூடுபனியும் தூறலும் நீடிக்கும் நாட்களில் பின்பருவ இலைக்கருகல் நோய் வரும். 1845இல் அயர்லாந்தில் தொடங்கிய பெரும் பஞ்சத்துக்குக் காரணமாகி, ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் மடிய நேர்ந்தது இந்நோயினாலேயே. ஒரே இரகக் கிழங்கையே பெரிதும் நம்பி வாழ்ந்தமை அம்மக்களின் துயரைப் பெருக்கிற்று. இந்நோய் தக்காளியையும் தாக்குமாதலால், அதனை உருளைக்கு அருகில் வளர்க்க வேண்டாம். மாலையில் இலை நனைய நீர் தெளிப்பதைத் தவிர்க்க. கருகிய இலைகளை உடனே அகற்றிப் புதைத்தல் வேண்டும்.

செடி பசுமையாயிருக்கும்போதே திடீரென வாடினால், தண்டை அறுத்துத் தெளிந்த நீரில் நிறுத்திப் பார்க்க. பால்போன்ற இழை வடிந்தால், அது பாக்டீரியா வாடல் நோயாகும். அச்செடியை மண்ணோடும் கிழங்கோடும் அகற்றுதல் வேண்டும்.

அறுவடை

மலைப்பகுதியில் ஏறத்தாழ 120 நாட்களில் பயிர் முதிரும். இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்ததும் தண்டுகளை அறுத்துவிட்டு, பத்து நாள் கழித்துத் தோண்டினால், தோல் இறுகிய கிழங்குகள் கிடைக்கும். நன்கு பராமரித்த பாத்தியில் 8 முதல் 11 கிலோ வரை எதிர்பார்க்கலாம். காயம்பட்டவற்றை முதலில் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, மற்றவற்றை இருளும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் சேமித்தல் வேண்டும்.

வேலை முடிந்ததும் மண்வெட்டியையும் கொத்தையும் காலணியையும் அந்தத் தோட்டத்திலேயே மண் நீங்கக் கழுவுக. பக்கத்து வீட்டுக் கருவியை இரவல் வாங்கினாலும், கழுவிய பின்னரே நம் நிலத்தில் இறக்குக. ஒரு பிடி மண்ணில் வரும் நோய், ஒரு தலைமுறைக்கு ஊரைவிட்டு நீங்காதிருக்கலாம். மேட்டிலுள்ள வீடு காக்கும் ஒழுங்கே பள்ளத்திலுள்ள வீட்டுக்கும் காவலாகும். ஆதலின், ஊர் முழுவதும் கூடிப் பேசி இச்சுழற்சி முறையைக் கைக்கொள்வோமாக. நம் பிள்ளைகளுக்கு விளைச்சலை மட்டுமன்றி, விளையும் மண்ணையும் கெடாது விட்டுச் செல்வோம்.