சுற்றும் ராட்டினத்தைப் படத்தில் பிடிப்போம்!



பங்குனி, சித்திரை, ஆடி மாதம் வந்துவிட்டால் நம்ம ஊர்ப்பக்கம் திருவிழாதான். மாரியம்மன் கோயில் திடலிலும் சரி, மதுரை சித்திரைப் பொருட்காட்சியிலும் சரி, கூட்டம் முதலில் போய் நிற்பது ராட்டினத்தடியில்தான். இரவில் வண்ண விளக்குகளோடு அது சுற்றும் அழகே தனி. ஆனால் செல்போனில் படம் எடுத்தால் என்ன வருகிறது? அசையாமல் நிற்கிற ராட்டினம், இல்லாவிட்டால் கலங்கிப்போன வெளிச்சம்! அந்தச் சுழற்சியைப் படத்தில் கொண்டுவர ஒரு வழி இருக்கிறது. போட்டோ தொழில் செய்யும் குழுப் பெண்களுக்கும், ஆசைக்கு எடுப்பவர்களுக்கும் இந்தப் பாடம் உதவும்.

கேமராவின் கண்ணை அதிக நேரம் திறந்து வைத்தல்

கேமராவுக்குள் வெளிச்சம் போகும் கதவுக்கு ஷட்டர் என்று பெயர். சாதாரணமாக இது ஒரு விநாடியில் 125இல் ஒரு பங்கு நேரம்தான் திறக்கும். அதனால் ஓடுகிற பொருளும் நிற்பதுபோல் தெரியும். அதையே 2 விநாடி, 4 விநாடி திறந்து வைத்தால் என்ன ஆகும்? நிற்கிற பொருள் தெளிவாக விழும். நகர்கிற விளக்கு கோடாக இழுபடும். இதைத்தான் 'லாங் எக்ஸ்போஷர்' என்கிறார்கள்.

இது புதுசு இல்லை. 1838இல் பாரிஸ் நகரத்தில் டாகர் என்பவர் ஒரு பெரிய தெருவைப் படம் எடுத்தார். அன்றைய கேமராவுக்குப் பல நிமிடம் வெளிச்சம் தேவைப்பட்டது. தெருவில் வண்டியும் ஆட்களும் போய்க்கொண்டிருந்தும், படத்தில் தெரு காலியாகவே இருக்கிறது. ஷூவுக்கு பாலிஷ் போடுவதற்காக அசையாமல் நின்ற ஒருவர் பதிவாகிவிட்டார்! நின்றவர் தெரிந்தார், நடந்தவர்கள் மறைந்தார்கள். நம்ம பாடம் முழுவதும் இந்த ஒன்றில் அடங்கியிருக்கிறது.

என்னென்ன வேண்டும்?

விலை உயர்ந்த கேமரா கட்டாயம் இல்லை. பல ஆண்ட்ராய்டு போன்களில் கேமராவுக்குள் 'ப்ரோ' என்று ஒரு பகுதி உண்டு. அதில் ஷட்டர் நேரத்தை நாமே வைக்கலாம். அடுத்து ஒரு ஸ்டாண்டு. அது இல்லையென்றால் சுவர் மேல் மண் நிரப்பிய பையை வைத்து, அதில் போனைச் சாய்த்து வையுங்கள். கை மட்டும் கூடாது. மூச்சு விட்டாலே படம் ஆடிவிடும்.

எடுக்கும் முறை

1. சூரியன் மறைந்து 20 முதல் 30 நிமிடத்துக்குள் எடுங்கள். வானத்தில் நீலம் மிச்சம் இருக்கும். நடு இரவின் கறுப்பு வானத்தைவிட இது அழகு.

2. ஐஎஸ்ஓ-வை 50 அல்லது 100இல் வையுங்கள். கூடினால் படத்தில் புள்ளி விழும்.

3. ராட்டினத்தின் நடுத்தூணைப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள். தூண் அசையாது.

4. 2 விநாடி டைமர் போட்டு எடுங்கள். விரல் பட்ட அதிர்வு அடங்கிய பிறகு ஷட்டர் திறக்கும்.

5. ஆட்களை ஏற்றி இறக்கும்போது எடுக்காதீர்கள். ராட்டினம் முழு வேகம் பிடிக்கட்டும்.

படம் வெள்ளையாக வெளுத்துப் போகிறதா? கேமராவில் துவாரத்தை எஃப் 11, எஃப் 16 என்று சுருக்கலாம். பெரும்பாலான போன்களில் அது முடியாது. அப்போது கூலிங் கிளாஸை லென்சுக்கு முன்னால் பிடியுங்கள், வெளிச்சம் குறையும்.

ஒரு சின்ன வகுத்தல் கணக்கு

எத்தனை விநாடி வைப்பது? குழுக் கணக்கு எழுதுகிற நமக்கு இது பெரிய விஷயமா! ராட்டினம் ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி எடுக்கிறது என்று பாருங்கள். பெட்டிகளை எண்ணுங்கள். 12 பெட்டி, ஒரு சுற்றுக்கு 24 விநாடி என்று வைத்துக்கொள்வோம். 24ஐ 12ஆல் வகுத்தால் 2. அதாவது, ஒரு பெட்டியின் விளக்கு அடுத்த பெட்டி இருந்த இடத்துக்கு வர 2 விநாடி ஆகும். ஷட்டரை 2 விநாடி வைத்தால் கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து முழு வட்டம் கிடைக்கும். 1 விநாடி வைத்தால் வட்டம் விட்டுவிட்டுத் தெரியும். இரண்டும் அழகுதான், எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுற்றும் குடை ராட்டினத்துக்கு அரை விநாடிகூடப் போதும்.

படத்தை மெருகேற்றுதல்

ஸ்னாப்சீட் என்ற இலவச ஆப் போதும். முதலில் சாய்ந்த படத்தை நிமிர்த்துங்கள். பிறகு ஓரத்தை வெட்டுங்கள். விளக்கின் மஞ்சள் அதிகமானால் 'ஒயிட் பேலன்ஸ்' கொண்டு குறையுங்கள்.

கற்பனைக்கும் இடம் உண்டு. ஸ்டாண்டை நகர்த்தாமல் இரண்டு படம் எடுங்கள். ஒன்று வேகமான ஷட்டரில், அதில் பெட்டிகள் தெளிவாக விழும். இன்னொன்று 2 விநாடியில், அதில் ஒளிவட்டம் விழும். ஆப்பில் 'டபுள் எக்ஸ்போஷர்' போய் 'லைட்டன்' வைத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். இரண்டு படத்திலும் எது பிரகாசமோ அது மேலே தெரியும்.

எதைச் செய்யக்கூடாது?

ராட்டினக்காரர் போஸ்டருக்குப் படம் கேட்பார். வண்ணத்தைக் கூட்டிக் கொடுக்கலாம். ஆனால் இல்லாத பாதுகாப்பு வேலியை இருப்பதுபோல் சேர்க்கக்கூடாது. உடைந்த கம்பியை அழித்து மறைக்கக்கூடாது. அந்தப் படத்தை நம்பி நம்ம பிள்ளைகள்தான் ஏறப்போகிறார்கள். இரண்டு படத்தைச் சேர்த்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, நம் பெண்கள் பயப்படுகிற விஷயம்: "என் பொண்ணு படம் யார் போனுக்கெல்லாம் போகுமோ?" இந்தப் பயம் நியாயமானது. 2 விநாடிப் படத்தில் நடக்கிறவர் முகம் கலைந்துவிடும், யாரென்று தெரியாது. ஆனால் பாரிஸ் தெருவில் நின்றவரைப்போல, அசையாமல் நிற்பவர் முகம் விழுந்துவிடும். வேகமான ஷட்டரில் எடுத்த படத்தில் எல்லா முகமும் தெரியும். அவர்களிடம் கேளுங்கள். குழந்தை என்றால் பெற்றோரிடம் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் அழித்துவிடுங்கள். ஊர் நம்மை நம்பினால்தான் அடுத்த திருவிழாவுக்கும் நம்மைக் கூப்பிடும்.

பாதுகாப்பு

வேலிக்கு வெளியே நில்லுங்கள். ஜெனரேட்டர் வயர் கிடக்கும் இடத்திலும் ஜனங்கள் நடக்கும் வழியிலும் ஸ்டாண்டு வைக்காதீர்கள். இரவு வேலைக்கு இருவராகப் போங்கள். ஒருவர் எடுக்கட்டும், மற்றவர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்ளட்டும்.

கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் ஊர்த் திருவிழா ராட்டினத்துக்கு எத்தனை பெட்டி? ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி? ஷட்டர் எவ்வளவு வைக்கலாம்?

2. விழாக் குழுவுக்குப் படம் எடுத்துக் கொடுத்தால் பஸ் செலவு, பிரிண்ட் செலவு, இருவர் கூலி எல்லாம் சேர்த்து என்ன விலை சொல்லலாம்?

3. ஒருவர் படத்தை அவர் அனுமதி இல்லாமல் பகிர்ந்தால் நம் குழு என்ன செய்யும்?

மூன்றாவது கேள்விக்கான முடிவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அதன்பிறகு கேமராவைத் தூக்குங்கள் தோழிகளே!