பேய்களை ஆராயும் துப்பறிவாளர்

முன்னுரை

'பேய்' என்றதும் போர்வையை இழுத்து மூடிக்கொள்பவர்கள் நம்மில் பலர். ஆனால் பேய் நடமாடுவதாகச் சொல்லப்படும் அறைக்கே சென்று, இரவெல்லாம் விழித்திருந்து ஆராயும் ஒருவரை ஆங்கிலக் கதைகளில் சந்திக்கிறோம். அவர்தாம் கார்னாக்கி.

ஆசிரியர்

இக்கதைகளை எழுதியவர் வில்லியம் ஹோப் ஹாட்ஜ்சன். 1877-ல் இங்கிலாந்தில் ஆங்கிலிக்கன் குரு ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், இளமையிலேயே கப்பல் வேலைக்குச் சென்றார். 1910-ல் 'தி ஐட்லர்' இதழில் கார்னாக்கி கதைகள் வெளிவரத் தொடங்கின. 1913-ல் ஆறு கதைகள் நூலாக வந்தன. 1918-ல் முதல் உலகப் போரில் ஆசிரியர் உயிர் துறந்தார்.

ஆராயும் முறை

லண்டனில் வாழும் கார்னாக்கி, நண்பர்கள் நால்வரை விருந்துக்கு அழைப்பார். உணவு முடிந்த பின்னரே தம் அனுபவத்தைச் சொல்லத் தொடங்குவார். பேய் வீட்டின் கதவுகளுக்கு முத்திரை இடுவார், புகைப்படம் எடுப்பார், மின்சாரத்தால் ஒளிரும் கண்ணாடிக் குழாய்களை ஐமுனை நட்சத்திரமாக அமைத்து அதனுள் அமர்வார். எதையும் உடனே நம்பமாட்டார். உடனே மறுக்கவும் மாட்டார். சில கதைகளில் மனிதரின் சூழ்ச்சி வெளிப்படும். சிலவற்றில் ஆவியே எதிர்ப்படும்.

குளம்பொலி

ஒரு குடும்பத்தில் மூத்த குழந்தை பெண்ணாகப் பிறந்தால், திருமணம் நிச்சயமாகும் காலத்தில் கண்ணுக்குத் தெரியாத குதிரை ஒன்று அவளைத் துரத்தும் என்பது பழங்கதை. பல தலைமுறைகளுக்குப் பின் அவ்வாறு பிறந்த மேரியின் வீட்டிலும் குளம்பொலி கேட்கிறது. ஆராய்ந்தால், குதிரை வேடமிட்டவன் அவளை மணக்க விரும்பிய வேறொருவன்! ஆனால் அவன் பிடிபட்ட வேளையிலும் குளம்பொலி கேட்கிறது. அந்தப் புதிர் அவிழவில்லை.

நாங்கள் கற்றது

அஞ்சி நடுங்கியவள் ஒரு பெண். அந்த அச்சத்தால் பயனடைய நினைத்தவன் வேறொருவன். இதைப் படித்தபோது எங்கள் மனம் உறுத்தியது. சென்ற ஆண்டு விடுதி மாடியில் இரவுதோறும் கேட்ட சத்தத்தை வைத்து நாங்கள் ஒரு பேய்க்கதை கட்டினோம். ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி பயந்து காய்ச்சலில் விழுந்து வீட்டிற்கே போய்விட்டாள். பிறகு சிஸ்டர் டார்ச் விளக்குடன் எங்களை அழைத்துச் சென்று காட்டினார். கொக்கி கழன்ற ஜன்னல்! அதைச் சொல்ல அந்தத் தங்கை அங்கே இல்லை.

முடிவுரை

பேய் உண்டா, இல்லையா என்று வாதிடுவது எளிது. எழுந்து சென்று பார்ப்பதற்கே துணிவு வேண்டும். தோழியரே, இனி சத்தம் கேட்டால் கதை கட்டுமுன் விளக்கை எடுத்துக்கொண்டு சேர்ந்து செல்வோம்.

— பத்தாம் வகுப்பு மாணவி