பிழையோடு வெளியிட்டால் யார் பொறுப்பு?
(ஒரு வீடியோ கேம் தரும் பாடம்)

– மூன்றாம் ஆண்டு, கணிப்பொறியியல் துறை



லேப்பில் புரோகிராம் ஓடாவிட்டால் நம் எல்லோரிடமும் ஒரே பதில்தான் தயாராக இருக்கும்: "சார், சின்ன பக் தான் சார், அப்புறம் சரி பண்ணிடறேன்!" ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கும் வரை இந்தப் பதில் செல்லும். ஆனால், காசு கொடுத்து வாங்கியவரிடம் இதே பதில் செல்லுமா? உலகமே பார்த்த ஒரு நிகழ்ச்சியை வைத்து இதைச் சற்றுச் சிந்திப்போம்.

நடந்தது என்ன?

போலந்து நாட்டின் தலைநகரான வார்சாவில் இயங்கும் நிறுவனம் சி.டி. புராஜெக்ட். 2015-ல் வெளியிட்ட 'தி விட்சர் 3' என்ற விளையாட்டால் பெரும்புகழ் பெற்றது. அதன் அடுத்த பெரிய படைப்பு 'சைபர்பங்க் 2077'. 2012-லேயே அறிவித்தாகிவிட்டது. வெளியீட்டுத் தேதி முதலில் 2020 ஏப்ரல் 16 என்றார்கள். பிறகு செப்டம்பர் 17, பிறகு நவம்பர் 19, கடைசியில் டிசம்பர் 10. நம்ம புராஜெக்ட் சப்மிஷன் தேதியெல்லாம் தோற்றது போங்கள்!

விளையாட்டைக் கண்ணால் பார்க்கும் முன்பே சுமார் 80 லட்சம் பிரதிகளுக்கு முன்பதிவு ஆகியிருந்தது. அத்தனை நம்பிக்கை! நல்ல கம்ப்யூட்டர் வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். 2013-ல் வந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிகளில் விளையாடியவர்கள் பாடுதான் திண்டாட்டம். திரை உறைந்து நின்றது. ஆட்டம் நடுவிலேயே அணைந்தது. பாத்திரங்கள் இரு கைகளையும் நீட்டியபடி பொம்மை போல் நின்றன.

ஏன் இப்படி ஆனது?

முதல் காரணம் தொழில்நுட்பம். அந்த விளையாட்டு ஒரு பெரிய நகரம். நகரம் முழுவதையும் ஒரே நேரத்தில் மெமரியில் ஏற்ற முடியாது. வீரர் நகர நகர, அடுத்த தெருவை டிஸ்க்கிலிருந்து கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதற்கு ஸ்ட்ரீமிங் என்று பெயர். பழைய கருவிகளின் ஹார்டு டிஸ்க் மெதுவானது, மெமரியும் குறைவு. முதலில் கம்ப்யூட்டருக்கு அழகாகச் செய்துவிட்டு, பிறகு பழைய கருவிக்குள் அடக்கப் பார்த்தார்கள். இந்த வேலையின் கடினத்தைக் குறைத்து மதிப்பிட்டோம் என்று 2021 ஜனவரியில் நிறுவனரில் ஒருவரான மார்சின் இவின்ஸ்கியே வீடியோவில் ஒப்புக்கொண்டார்.

இரண்டாவது காரணம் நிர்வாகம். இதுதான் முக்கியம். தங்கள் சோதனைகளில் இத்தனை கோளாறுகள் தெரியவில்லை என்றும் இவின்ஸ்கி அதே வீடியோவில் கூறினார். ஆனால் அதே மாதம் ப்ளூம்பெர்க் செய்தி நிறுவனத்திடம் பேசிய பணியாளர்கள், பல கோளாறுகள் முன்பே தெரியும், திருத்தத்தான் நேரமில்லை என்றார்கள். எப்படியிருந்தாலும் ஒன்று உறுதி. விமர்சகர்களுக்கு முதலில் கம்ப்யூட்டர் பிரதி மட்டுமே கொடுக்கப்பட்டது. பழைய கருவிகளில் ஆட்டம் எப்படி இருக்கும் என்று வாங்குபவருக்கு முன்கூட்டியே தெரிய வழி அநேகமாக இல்லை.

பிழை இருப்பது வேறு. பிழையை மறைத்து விற்பது வேறு. முன்னது தொழிலின் இயல்பு. பின்னது நம்பிக்கை மோசம்.

கோபம் யார் மேல்?

2020 அக்டோபரில் தேதியைத் தள்ளிவைத்தபோது, அங்கே வேலை பார்த்தவர்களுக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. என்ன கொடுமை பாருங்கள்! தள்ளிவைத்தால் திட்டு, தள்ளாமல் வெளியிட்டாலும் திட்டு. பணம் கொடுத்தவரின் கோபம் நியாயமே. ஆனால் அது இரவு பகலாய்க் கோடு எழுதிய புரோகிராமர் மேலோ, பிழையைக் கண்டுபிடித்துச் சொன்ன டெஸ்டர் மேலோ பாயக் கூடாது. "போதும், வெளியிடு" என்று முடிவெடுத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்டதற்குப் பலனும் கிடைத்தது. வெளிவந்து சுமார் ஒரு வாரத்தில் சோனி நிறுவனம் இந்த விளையாட்டைத் தன் இணையக் கடையிலிருந்தே எடுத்துவிட்டு, அங்கே வாங்கியவர்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாக அறிவித்தது. 2021 ஜூன் 21 அன்றுதான் அது மீண்டும் அந்தக் கடைக்கு வந்தது. போலந்தின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பும் நிறுவனத்திடம் விளக்கம் கேட்டது. பங்குதாரர்கள் அமெரிக்காவில் போட்ட வழக்கு 18.5 லட்சம் டாலரில் சமரசமானது.

"பேட்ச் போட்டுக்கலாம்" என்ற வியாதி

1982-ல் அட்டாரி நிறுவனம் 'ஈ.டி.' என்ற விளையாட்டைக் கிறிஸ்துமஸ் விற்பனைக்காகச் சுமார் ஐந்தே வாரத்தில் செய்து முடித்தது. குழியில் விழுவதும் ஏறுவதுமே ஆட்டமாகிவிட்டது என்று வாங்கியவர்கள் நொந்தார்கள். கார்ட்ரிட்ஜில் பதிந்தது பதிந்ததுதான், திருத்த வழியில்லை. விற்காத பிரதிகள் பலவும், மற்ற விளையாட்டுகளின் கார்ட்ரிட்ஜுகளும் 1983-ல் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அலமொகோர்டோ என்ற ஊரின் குப்பை மேட்டில் புதைக்கப்பட்டன. 2014-ல் தோண்டியபோது அவை வெளியே வந்தன!

இன்று அப்படியில்லை. இணையம் வழியே பேட்ச் அனுப்பலாம். சைபர்பங்கையும் அப்படித்தான் மெல்ல மெல்லச் சீர்செய்தார்கள். 2023 செப்டம்பரில் வந்த 2.0 பதிப்பு பலரின் பாராட்டைப் பெற்றது. இடையில் ஓடியவை ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். முதல் நாளே முழுப்பணம் கொடுத்தவர் அத்தனை நாள் காத்திருந்தார் என்பதை மறக்கலாமா? பேட்ச் என்பது மருந்து. மருந்து இருக்கிறதே என்று யாராவது விஷம் குடிப்பார்களா?

நமக்கு என்ன பாடம்?

சிவில் நண்பர்களைக் கேளுங்கள். கான்கிரீட் க்யூபை 28 நாள் க்யூரிங் செய்து உடைத்துப் பார்த்த பிறகுதான் அதன் முழு பலத்தைச் சொல்வார்கள். மெக்கானிக்கல் நண்பர்கள் கேஜில் பொருந்தாத பீஸை ஒதுக்கிவிடுவார்கள். தூணுக்குப் பேட்ச் அனுப்ப முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். சாஃப்ட்வேருக்கு அனுப்பலாம் என்பதாலேயே நாம் அலட்சியமாகிவிடுகிறோம்.

நாளை நாமும் ஏதோ ஒரு கம்பெனியில் சேர்வோம். "இன்னிக்கே அனுப்பியாகணும்ப்பா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒருவர் சொல்லத்தான் போகிறார். டிப்ளமோ முடித்துப் புதிதாகச் சேர்ந்தவன் பேச்சு அம்பலம் ஏறாது, உண்மைதான். ஆனாலும் மூன்று காரியங்கள் நம் கையில் உண்டு:

1. தெரிந்த பிழைகளைத் தேதியிட்டு எழுத்தில் கொடுப்பது. வாய்ச்சொல் காற்றில் போகும், எழுத்து நிற்கும்.

2. வாடிக்கையாளர் எந்தக் கருவியில் பயன்படுத்துவாரோ, அதே கருவியில் சோதிப்பது. நம் டேபிளில் ஓடினால் போதாது.

3. எது வேலை செய்யாது என்பதை விற்கும் முன்பே சொல்லச் சொல்வது. தெரிந்து வாங்குபவர் ஏமாறுவதில்லை.

வாங்கும் பக்கம் நிற்கும்போதும் நமக்குக் கடமை உண்டு. முன்பதிவுக்கு முந்தாமல், நம்மிடம் இருக்கும் அதே கருவியில் விளையாடியவர் என்ன சொல்கிறார் என்று பார்த்து வாங்குவோம். கோளாறு கண்டால் வசைபாடாமல், என்ன செய்தபோது எப்படி நின்றது என்று தெளிவாக எழுதிப் பணத்தைக் கேட்போம்.

பிழை இல்லாத புரோகிராம் இல்லை, நண்பர்களே! ஆனால் பிழைக்குப் பொறுப்பேற்காத பொறியாளன் இருக்கக் கூடாது. நம் கல்லூரியிலிருந்து அப்படி ஒருவர்கூட வெளியேறாதிருப்போமாக!