வாட்டர் சர்வீஸ் வைக்கும் தம்பிகளுக்கு

2017-ல் அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போட்டார்கள். அதற்கு முன்பு சுற்றுலாக் கார்கள் முகுந்தராயர் சத்திரத்தோடு நின்றுவிடும். இப்போது தனுஷ்கோடி மணலையும் உப்பையும் அடியில் அப்பிக்கொண்டு நேரே நம் கடைக்கு வருகின்றன. மீன் வண்டிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஐஸ் உருகின உப்புத்தண்ணீர் சேசிஸ் முழுக்க வழிந்திருக்கும். வண்டியைக் கழுவ எல்லோருக்கும் தெரிகிறது. கழுவுகிற பம்பையும் லிப்டையும் பார்த்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் புதிதாகக் கடை போடுகிற தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன்.

1. நம் ஊரில் கிரீஸ் எதற்கு என்பதை முதலில் புரிந்துகொள். மதுரைக்காரனுக்கு அது தேய்மானத்தைக் குறைக்கிற சாமான். நமக்கு அதற்கும் முன்னால் உப்பை உள்ளே விடாத அடைப்பு அது. பிரஷரில் அடிக்கிற தண்ணீர் சீலைத் தாண்டி உள்ளே போகும். பிறகு தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. 1914-ல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடின காலம் முழுக்கத் துரு சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும் ஓய்ந்ததே இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். ரயில்வேக்கு அதற்குப் பணம் உண்டு. நமக்கு கிரீஸ்தான்.

2. கடையில் போய் 'ஏ.பி. த்ரீ' என்று கேட்டால் லித்தியம் கிரீஸ் தருவார்கள். வீல் பேரிங்குக்கு நல்ல சரக்கு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் நனைகிற இடத்துக்கு, அதுவும் உப்புத் தண்ணீருக்கு, கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் கேள். தண்ணீரில் சீக்கிரம் கரைந்து ஓடாது. துருவைத் தடுக்கிற குணம் அதற்கு இயல்பிலேயே உண்டு. விலை கூடத்தான். கொஞ்சமாக வாங்கி, லிப்ட் பின், சங்கிலி, ரோலர், வெளியில் நிற்கிற பிளம்மர் பிளாக் இவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள். டப்பாவில் என்.எல்.ஜி.ஐ. 2 என்று போட்டிருக்கிறதா பார். அந்த எண் கிரீஸின் கெட்டித்தனத்தைச் சொல்வது, தரத்தை அல்ல. 3 என்றால் 2-ஐவிட உசத்தி என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. கையால் அடிக்கிற கிரீஸ் கன்னில் அது தள்ளவும் கஷ்டம். நிறத்தைப் பார்த்து வாங்காதே. சிவப்பும் நீலமும் வெறும் சாயம்.

3. இரண்டு கிரீஸைக் கலக்காதே. மோட்டார் பேரிங்குகளில் பெரும்பாலும் பாலியூரியா கிரீஸ் இருக்கும். அதன்மேல் லித்தியத்தை அடித்தால் இரண்டும் இளகி வழிந்தோட வாய்ப்பு உண்டு. கிரீஸுக்கு ஒரு கன் என்று வைத்து, பெயின்டால் பெயர் எழுதிவிடு. இரு பக்கமும் மூடின பேரிங்காக இருந்தால் கன்னைக் கிட்டேயே கொண்டுபோகாதே.

4. எந்தக் கன்? நம் வேலைக்கு 400 கிராம் பிடிக்கிற லீவர் கன் போதும். லிப்டுக்கு அடியில் ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு அடிக்க வேண்டியிருந்தால் பிஸ்டல் பிடி வசதி. லாரி, டாடா ஏஸ் என்று வரிசை கட்டி நின்றால்தான் பக்கெட் பம்போ காற்றுக் கன்னோ. காற்றுக் கன்னைச் சொந்த மெஷினுக்குப் பிடிக்காதே. எவ்வளவு போகிறது என்று கைக்குத் தெரியாது. லீவர் கன்னே 10,000 பி.எஸ்.ஐ. வரைக்கும் போகக்கூடியது. சீல் அதில் சின்னப் பங்குக்கே பிதுங்கிவிடும். குழாயை விட ஹோஸ் நல்லது, முனையில் நான்கு தாடைக் கப்ளர். வாங்கும்போதே ஒரு நிப்பிளில் மாட்டி இழுத்துப் பார். நழுவினால் வேறு எடு.

5. உன் கன்னை அளந்து வை. காகிதத்தில் பத்துத் தடவை அடித்து, மளிகைக் கடைத் தராசில் போடு. ஒரு தடவைக்கு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். பேரிங்குக்கு எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: வெளி விட்டத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் பெருக்கி 0.005-ஆல் பெருக்கு. 6205 பேரிங் 52-க்கு 15. ஏறக்குறைய 4 கிராம் வரும். 'வெளியே வருகிற வரைக்கும் அடி' என்பது பின்னுக்கும் புஷ்ஷுக்கும் சொன்னது, பேரிங்குக்கு அல்ல.

6. தண்ணீர் அடிக்கிற ஹெச்.டி.பி. பம்பில் பித்தளை கிரீஸ் கப்புகள் இருக்கின்றனவே, அவற்றைப் பல பையன்கள் அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். பிளஞ்சர் பேக்கிங்குக்கு உயிரே அதுதான். பம்ப் ஓடுகிற நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு சுற்றுத் திருகு. கப் காலியாகிவிட்டால் அந்த வழியாகத் தண்ணீர் கசியும், பேக்கிங் சூடேறிக் கருகும். ஆடி, தை அமாவாசைக்கு முந்தின நாள் சாயங்காலமே எல்லாக் கப்பையும் நிரப்பிவிடு. மறுநாள் வேன்கள் வந்து நின்றால் மூச்சுவிட நேரம் இராது. பம்பின் கிராங்க் பெட்டியில் இருப்பது ஆயில். அங்கே கிரீஸ் வேண்டாம்.

7. நிப்பிளைத் துணியால் துடைக்காமல் கன்னை மாட்டாதே. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இரண்டு தடவை துடை. மணலோடு சேர்ந்த கிரீஸ் உப்புத்தாள் வேலை செய்யும்.

8. வேலை முடிந்ததும் கன்னின் பின் கம்பியை இழுத்துப் பூட்டு. ஸ்பிரிங் அழுத்திக்கொண்டே இருந்தால் எண்ணெய் தனியாகக் கசிந்து, கிரீஸைக் கெட்டியாக்குகிற சோப்பு மட்டும் மிஞ்சும். நிரப்பும்போது இடையில் காற்று நின்றாலும் கன் தள்ளாது. முனையைத் தளர்த்திக் காற்றை வெளியேற்று.

9. அடைத்துக்கொண்ட கப்ளரை விரலால் பொத்திச் சோதிக்காதே. பிய்ந்த ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டு அடிக்காதே. அந்த அழுத்தத்தில் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளி, வலிகூட முதலில் இராது. வலிக்கவில்லையே என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு உட்காராதே. தாமதித்தால் விரலையே எடுக்க நேரும். அப்போதே ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போ. கிரீஸ் கன் குத்திவிட்டது என்று தெளிவாகச் சொல். அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு போ, உள்ளே என்ன போயிருக்கிறது என்று டாக்டர் கேட்பார்.