'சக்ரிலிஜ்': ஒரு சொல் கடந்துவந்த வழி

ஆங்கில அகராதியைப் புரட்டினால் 'சக்ரிலிஜ்' என்ற சொல்லுக்குப் புனிதமானவற்றை அவமதித்தல் என்று பொருள் இருக்கும். மதத்தைக் குறிக்கும் 'ரிலிஜன்' இதனுள் இருப்பதாக எண்ணி எழுத்துக்கூட்டலில் தடுமாறும் மாணவியர் எல்லா வகுப்புகளிலும் உண்டு. ஆனால் சொல் அப்படிப் பிரிவதில்லை.

இது இலத்தீனின் 'சாக்ரிலெகியும்' என்பதிலிருந்து வந்தது. 'சாக்ரா' என்றால் புனிதப் பொருட்கள். 'லெகெரே' என்றால் பொறுக்கி எடுத்தல். ஆகவே இதன் முதற்பொருள் நிந்தனையன்று, களவு. ஆலயப் பொருளைத் திருடியவனையே பழைய ரோமர் இச்சொல்லால் சுட்டினர். கி.மு. 70இல் சிசெரோ என்ற பேச்சாளர், சிசிலித் தீவின் ஆளுநராயிருந்த வெர்ரெஸுக்கு எதிராக வழக்குரைத்தார். ஆலயச் சிலைகளை வாரிச் சென்றான் என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அத்தகைய களவில் பீடம் வெறுமையாகக் கிடக்கும். சாட்சி சொல்ல ஊர் இருக்கும். இச்சொல்லின் பழைய பொருளில் எனக்குப் பிடித்தது இந்தத் தெளிவுதான்.

காலப்போக்கில் களவோடு இகழ்ச்சியும் சேர்ந்துகொண்டது. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் ரோமப் பேரரசில் வந்த ஒரு சட்டம், பேரரசர் தெரிவுசெய்தவர் பதவிக்குத் தகுதியானவர்தானா என ஐயுறுவதே இக்குற்றத்துக்கு ஒப்பானது என்றது. ஆலயமும் இல்லை, களவும் இல்லை. ஆனால் குற்றம் மட்டும் இருக்கிறது! அதிகாரத்தின் கையில் ஒரு சொல் எவ்வளவு தூரம் இழுபடும் என்று பாருங்கள்.

நமது வழக்கில் இதற்கு நெருங்கிய சொல் 'ஹுர்மத்'. பள்ளிவாசலின் ஹுர்மத்தைப் பேண வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஹராம், இஹ்ராம், முஹர்ரம், மஹ்ரம் யாவும் இதே அரபு வேரில் முளைத்தவை. தடுக்கப்பட்டது என்பதும் மதிப்புக்குரியது என்பதும் அவ்வேரில் ஒன்றாகவே இருக்கின்றன. இறுதி ஹஜ்ஜின்போது நபி (ஸல்) அவர்கள், அந்த நாளும் மாதமும் நகரமும் புனிதமாயிருப்பதுபோல மனிதரின் உயிரும் பொருளும் மானமும் புனிதமானவை என்று அறிவித்தார்கள். புனிதத்தின் பட்டியலில் மனிதரின் மானமும் இருக்கிறது.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 290ஆம் பிரிவில் வணக்கத்தலங்களைச் சேதப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. ஆனால் சேதம் மட்டும் போதாது. ஒரு சாராரின் மதத்தை அவமதிக்கும் நோக்கமோ, அவர்கள் அதை அவமதிப்பாகக் கொள்வர் என்ற அறிவோ இருந்திருக்க வேண்டும். களவைப் பீடம் காட்டிவிடும். நோக்கத்தை எது காட்டும்?

2019 மே மாதத்தில், கப்பலின் சுக்கான் சக்கரம் அச்சிட்ட ஆடை அணிந்திருந்த முஸ்லிம் பெண் ஒருவர், அது பௌத்தர்களின் தர்மச்சக்கரம் எனக் கருதப்பட்டுக் கைதுசெய்யப்பட்டார். விளக்கமறியலிலும் வைக்கப்பட்டார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023இல்தான்.